எழுந்து நடமாடும் நேரம்: அன்றாடச் சின்ன அசைவுகளும் உடல் எடையும் – முழுமையான வழிகாட்டி

என் அம்மா வாழ்நாளில் ஒரு நாள்கூட வாக்கிங் போனதில்லை. மன்னார்குடி பக்கத்தில் எங்களுடையது திண்ணையில் ஆரம்பித்துக் கொல்லைக் கதவில் முடியும் நீளமான வீடு. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது, கிணற்றில் பத்துப் பதினைந்து குடம் இறைப்பது, கல்லில் துணி துவைப்பது, மாடியில் உலர்த்துவது, வானம் இருட்டினால் ஓடிப்போய் எடுத்து வருவது, ராத்திரி கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வருவது என்று நாள் முழுக்க நடமாட்டம்தான். 58 வயதுவரை அவர் எடை 54 கிலோவைத் தாண்டவில்லை.

அப்புறம் என்னோடு சென்னைக்கு, நாலாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்தார். மூன்று வருடத்தில் 62 கிலோ. காலையில் இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை என்று சாப்பாடு அப்படியே இருந்தது. மருத்துவரிடம் போனபோது, "எண்ணெய், இனிப்பெல்லாம் நிறையச் சாப்பிடுறீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லியை ஒன்றாகக் குறைத்தார். அதுவும் சரிப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அடுப்பிலிருந்து சோபாவுக்கு ஒன்பது காலடி. பால் வாசல் பையில் வந்து விழுகிறது. தண்ணீர் கேனில் வருகிறது. துணிக்கு மெஷின், மேலே கீழே போக லிஃப்ட். மாறாமல் இருந்தது சாப்பாடு மட்டும்தான். அதைச் செலவழித்துக்கொண்டிருந்த நூறு சின்ன வேலைகள் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தன.

இந்த வழிகாட்டி அந்த வேலைகளைப் பற்றியது. தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்களை நான் மதிக்கிறேன், செய்ய முடிந்தவர்கள் விடாமல் செய்யுங்கள். ஆனால் மிச்சம் இருக்கும் பதினைந்து மணி நேரத்தை எப்படிக் கழிக்கிறோம் என்பதும் எடையைத் தீர்மானிக்கிறது. இதை நம் ஊரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

உடம்பு எங்கே செலவழிக்கிறது?

நாம் சாப்பிடும் சக்தியில் ஏறக்குறைய 60 சதவீதம், நாம் சும்மா படுத்திருந்தாலும் செலவாகிவிடும். இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஓட வேண்டுமே. சாப்பிட்டதைச் செரிக்க இன்னொரு 10 சதவீதம். மீதி உடல் அசைவுக்கு. உடற்பயிற்சி செய்யாத ஒருவருக்கு அந்த மீதி முழுவதும் நிற்பது, நடப்பது, குனிவது, பெருக்குவது, மாடி ஏறுவது, காலை ஆட்டுவது போன்றவற்றில்தான் போகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘நீட்’ என்று ஒரு சுருக்கப்பெயர் உண்டு. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் தேர்வுதான் ஞாபகம் வரும் என்பதால், இங்கே ‘அசைவுச் செலவு’ என்றே சொல்கிறேன்.

முதல் இரண்டு செலவுகளை நம் இஷ்டத்துக்குப் பெரிதாக மாற்ற முடியாது. அசைவுச் செலவு மட்டும் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே உயரம், ஒரே எடை உள்ள இருவருக்கு இடையில் ஒரு நாளைக்கு 2000 கலோரி வரைகூட வேறுபடலாம் என்கிறார்கள். வயலில் நாற்று நடுபவரையும் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது ஆச்சரியமாகத் தெரியாது.

ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழு 1999-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பருமன் இல்லாத 16 பேருக்கு, எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1000 கலோரி கொடுத்தார்கள். உடற்பயிற்சி கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல் சாப்பாடு. ஆனால் ஒருவருக்கு 0.36 கிலோ கொழுப்பு கூடியது, இன்னொருவருக்கு 4.23 கிலோ. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! காரணத்தைத் தேடினால், கொழுப்பு சேராதவர்களின் உடம்பு தன்னை அறியாமலேயே அதிகம் அசைய ஆரம்பித்திருந்தது. ஒருவருக்கு அசைவுச் செலவு நாளுக்கு 692 கலோரி கூடியிருந்தது. "அவன் என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது" என்று நாம் சிலரைப் பற்றிச் சொல்வோமே, அந்தப் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது.

அதே லெவின் 2005-ல் இன்னொன்றும் செய்தார். உடற்பயிற்சிப் பக்கமே போகாத 20 பேர், அதில் பத்துப் பேர் ஒல்லி, பத்துப் பேர் பருமன். உள்ளாடையில் உணர்கருவிகளைப் பொருத்தி, அரை நொடிக்கு ஒருமுறை அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, நிற்கிறார்களா, நடக்கிறார்களா என்று பத்து நாள் பதிவு செய்தார். பருமனானவர்கள் நாளுக்கு 164 நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லியானவர்களைப் போல அவர்களும் எழுந்து நடமாடினால் நாளுக்குச் சுமார் 350 கலோரி கூடுதலாகச் செலவாகும் என்று கணக்கு வந்தது. அப்புறம் பருமனானவர்களை இளைக்க வைத்தும், ஒல்லியானவர்களுக்கு எடை கூட்டியும் பார்த்தார். யாருடைய உட்காரும் பழக்கமும் மாறவில்லை. அதாவது, "குண்டாக இருப்பதால் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இதற்கெல்லாம் முன்னாலேயே நம் நாட்டில் ஒரு பழைய சான்று இருக்கிறது. கல்கத்தாவை அடுத்த ஒரு சணல் ஆலையில் ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவருடைய குழுவும் 213 பேரை ஆராய்ந்து 1956-ல் எழுதினார்கள். சுமை தூக்குபவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், அது இயல்பு. லேசான வேலை செய்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதுவும் இயல்பு. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்கள், சுமை தூக்குபவர்களுக்கு இணையாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். என் கணிப்பில் இதுதான் இருப்பதிலேயே முக்கியமான செய்தி. ஓரளவுக்குக் கீழே அசைவு குறைந்தால், பசி அதற்குத் தகுந்தாற்போல் குறைவதில்லை. ஆகவே உட்கார்ந்தே இருப்பவருக்கு "பசித்தால் மட்டும் சாப்பிடு" என்ற அறிவுரை போதாமல் போகலாம்.

லண்டனிலும் அதே வருடத்தில் ஒரு வேடிக்கையான கணக்கு வெளியானது. ஜெர்ரி மோரிஸ் குழுவினர் பேருந்து ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் பேன்ட் இடுப்பளவு, மாடிப் பேருந்தில் நாள் முழுக்க ஏறி இறங்கும் நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. இளம் வயதிலேயே அந்த வித்தியாசம் தெரிந்ததால், கொஞ்சம் பருமனானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்கு வந்தார்களோ என்ற கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் மேயோ ஆய்வுகளை நான் முதலில் சொன்னேன்.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எதிரே, அதில் ஏறக்குறைய எத்தனை நிமிடம் உட்கார்ந்தோ சாய்ந்தோ இருந்தீர்கள் என்று எழுதுங்கள். சாப்பிடுவது, பைக்கில் போவது, டிவி பார்ப்பது, படுக்கையில் போன் பார்ப்பது எல்லாம் அதில் சேரும். நான் எழுதியபோது முதல் நாளே 12 மணி நேரம் வந்தது. காலையில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்த நாள் அது!

போனிலேயே காலடிக் கணக்கு வரும். ஆனால் போனை மேசையில் வைத்துவிட்டு வீட்டு வேலை செய்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்தக் கணக்கு பாதிகூட வராது. இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள், அல்லது கையில் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்ற எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளக்கும் கருவிக்கு ‘பத்தாயிரம் காலடி மீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து பரவிய எண் அது. வயதான பெண்களைப் பற்றி 2019-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2700 காலடி வைத்தவர்களைவிட 4400 வைத்தவர்களுக்கே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7500-க்கு மேல் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. உங்கள் இப்போதைய சராசரி என்னவோ, அதைவிட 2000 கூட்டுவது நல்ல முதல் இலக்கு.

எடையைக் காலையில் கழிவறைக்குப் போய் வந்ததும், எதுவும் குடிக்காமல் பாருங்கள். ஒரு நாள் எடையை நம்பாதீர்கள். முந்தின நாள் ஊறுகாய் கூடினால்கூட உடம்பு நீர் பிடித்துக்கொண்டு முக்கால் கிலோ ஏற்றிக் காட்டும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து வருவதை எழுதுங்கள். கூடவே தையல் டேப்பால் வயிற்றுச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எடை இறங்குவதற்கு முன்னால் இந்த டேப்தான் பல பேருக்கு நல்ல செய்தி சொல்கிறது.

இரண்டாம் படி: உட்கார்வதைத் துண்டு துண்டாக்குங்கள்

அரை மணிக்கு ஒருமுறை எழ வேண்டும். எழுந்து இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். இதைப் போனில் மணி வைத்து ஆரம்பிப்பவர்கள் பத்து நாளில் மணியை அணைத்துவிடுகிறார்கள். எனக்குச் சரிப்பட்டது வேறு வழி. மேசையில் இருந்த ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். தாகம் எடுத்தால் எழுந்தே ஆக வேண்டும். தண்ணீர் குடித்தால் கழிவறைக்கும் எழ வேண்டும். அச்சடிக்கும் கருவி, குப்பைக் கூடை, போன் சார்ஜர் மூன்றையும் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றினேன். ஞாபகசக்தியை நம்புவதைவிட வீட்டை மாற்றி அமைப்பது நிச்சயமான வழி.

நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உட்கார்வதற்கும் சும்மா நிற்பதற்கும் நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் வித்தியாசம். 65 கிலோ உள்ள ஒருவர் ஆறு மணி நேரம் நின்றால் 54 கலோரி. அதற்குள் கால் வீங்கிவிடும். மேயோவின் இன்னொரு அளவீட்டைப் பாருங்கள். படுத்திருக்கும் ஓய்வைவிட, அசையாமல் நின்றால் 13 சதவீதம் செலவு கூடுகிறது. கடையில் சாமான் தேடுவது போல மெல்ல நடந்தாலே 154 சதவீதம் கூடுகிறது. பணம் போட்டு மேசை வாங்குவதற்கு முன் வராந்தாவில் நடங்கள்.

இந்த இடத்தில் இன்னொன்று சொல்ல வேண்டும். அதே அளவீட்டில், உட்கார்ந்தபடி கால் ஆட்டுவது, கையைத் தட்டுவது போன்ற அசைவுகள் ஓய்வைவிட 54 சதவீதம் கூட்டின. 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 கலோரிக்குப் பக்கம். "காலை ஆட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது" என்று அதட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாம். எழ முடியாத நீண்ட கூட்டத்திலோ ரயில் பயணத்திலோ குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருங்கள். குடும்பத்துக்கு நல்லதுதான்.

மூன்றாம் படி: சாப்பிட்டதும் பத்து நிமிடம்

எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இதைத்தான் செய்யச் சொல்வேன். நம் சாப்பாட்டில் அரிசியும் மாவும் அதிகம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் சுருங்கும்போது நேரடியாக இழுத்துக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2012-ல் வந்த ஆய்வில், பருமனானவர்களைச் சர்க்கரைப் பானம் குடிக்க வைத்து ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்கள். இன்னொரு நாள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டே நிமிடம் மெல்ல நடக்க வைத்தார்கள். நடந்த நாளில் ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. வேகநடைகூட இல்லை, மெல்லத்தான் நடந்தார்கள்.

கை கழுவினதும் சோபாவுக்குப் போகாமல் மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ போய் வாருங்கள். பத்து நிமிடத்தில் ஆயிரம் காலடி வரும், முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று வேளையும் நடந்தால் இரண்டு கிலோமீட்டர் ஆயிற்று. வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையை விடவே கூடாது. அந்த நேரத்தில்தான் நாம் டிவி முன்னால் அசையாமல் விழுகிறோம்.

நான்காம் படி: போன் வந்தால் எழுந்துவிடுங்கள்

இதற்கு விளக்கம் தேவையில்லை. மணி அடித்தால் எழ வேண்டும், பேசி முடித்த பிறகுதான் உட்கார வேண்டும். அம்மா தன் தங்கையோடு தினமும் இருபது நிமிடம் பேசுவார். ஒரு வாரம் நானே அவர் பக்கத்தில் நின்று, "சித்தி போனா? எழுந்திரிங்கம்மா" என்று கையைப் பிடித்து எழுப்பினேன். எட்டாவது நாள், மணி அடிக்கும்போதே அவர் பால்கனிக்குப் போய்விட்டார். தெருவில் நடக்கும்போது மட்டும் போன் பேச வேண்டாம்.

ஐந்தாம் படி: கையால் செய்யும் வேலைகளில் இரண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்

மெஷினையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுக் கல்லில் துவைக்கச் சொல்லவில்லை. என் அம்மாவின் தோள்பட்டை அந்த வேலைகளால் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த உழைப்பைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் செய்தவர்கள் அல்ல. ஆனால் பெருக்கித் துடைப்பது, பாத்திரம் தேய்ப்பது, துணியை மாடியில் காயப்போட்டு மடித்து வைப்பது, செடிக்குக் குவளையால் தண்ணீர் ஊற்றுவது, வண்டி கழுவுவது போன்றவற்றில் இரண்டை நமக்கென்று வைத்துக்கொள்ளலாம். பெருக்கித் துடைப்பதற்கு, சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும்.

இதை நான் முக்கியமாக ஆண்களுக்குச் சொல்கிறேன். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுத்து 2014-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் 54 சதவீதம் பேர் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள். பொழுதுபோக்காக விளையாட்டோ உடற்பயிற்சியோ செய்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. அப்படியென்றால் நம்மில் பெரும்பாலோருக்கு வீடும் வேலையிடமும்தான் அசைவதற்கான இடம். மனைவியோ அம்மாவோ ஏற்கெனவே நின்றுகொண்டே இருக்கும் வீட்டில், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைக்கும் வேலையைக் கணவனும் மகனும் எடுத்துக்கொண்டால் இரண்டு பேர் உடம்புக்கும் நல்லது.

தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடும் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பெரிய கலோரிக் கணக்கு இதில் இல்லை. ஆனால் கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுவது தொடைக்கும் இடுப்புக்கும் தினசரிப் பயிற்சி. தொடைத் தசை தேய்ந்துபோனால் மற்ற எல்லா அசைவுகளும் தானாகக் குறைந்துவிடும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைப் பத்துப் பத்து முறையாகச் செய்யலாம்.

ஆறாம் படி: மாடிப்படி, கொஞ்சம் மூச்சு வாங்க

60 கிலோ உள்ளவர் மூன்று மாடி, அதாவது 60 படிகள் ஏறினால் சுமார் 7 கலோரிதான் செலவாகும். அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அதன் பலன் வேறு. பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்யாத 25,000-க்கு மேற்பட்டவர்களின் மணிக்கட்டுக் கருவிப் பதிவை வைத்து 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. அன்றாட வேலையிலேயே நாளுக்கு மூன்று முறை, ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்கும்படி வேகமாக அசைந்தவர்களுக்கு, அப்படி அசையவே செய்யாதவர்களைவிட இறப்பு அபாயம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. பேருந்தைப் பிடிக்க ஓடுவது, மளிகைப் பையோடு மாடி ஏறுவது எல்லாம் அதில் அடக்கம். இது ஒன்றால்தான் மற்றது என்று நிரூபிக்கும் வகை ஆய்வு இல்லை என்றாலும், செலவில்லாத வழி.

முதல் வாரம் இறங்குவதற்கு மட்டும் படிகள், ஏறுவதற்கு லிஃப்ட். இரண்டாம் வாரம் கடைசி ஒரு மாடியை மட்டும் நடந்து ஏறுங்கள், ஒரு தளம் முன்னதாக லிஃப்டை விட்டு இறங்கினால் போதும். பிறகு மாடிகளை ஒவ்வொன்றாகக் கூட்டலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

ஏழாம் படி: வெளியே போகும் வழியைக் கொஞ்சம் நீட்டுங்கள்

ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது எல்லோரும் சொல்வதுதான், சொல்லிவிட்டு நகர்கிறேன். அதைவிட எனக்குப் பலன் தந்தது காய்கறி. வாரம் ஒருமுறை பைக்கில் போய் மொத்தமாக அள்ளி வருவதற்குப் பதிலாக, ஒருநாள் விட்டு ஒருநாள் துணிப்பையோடு நடந்து போகிறேன். கீரையும் வாடாமல் கிடைக்கிறது. கோடையில் காலை பத்து மணிக்கு மேலும், மாலை நான்கரைக்கு முன்னும் இதைச் செய்ய வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத நாட்களுக்கு வீட்டுக்குள்ளேயே எட்டு போட்டு நடக்கலாம்.

எடை எவ்வளவு, எப்போது குறையும்?

இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். 60 கிலோ உள்ள ஒருவர் சாப்பிட்டபின் மூன்று பத்து நிமிட நடை (60 கலோரி), போன் பேசும்போது இருபது நிமிடம் (20 கலோரி), நாற்பது நிமிட வீட்டு வேலை (70 கலோரி) என்று கூட்டினால், உட்கார்ந்திருப்பதைவிட நாளுக்கு 150 கலோரி அதிகம் செலவாகும். "7700 கலோரிக்கு ஒரு கிலோ" என்ற பழைய கணக்கைப் போட்டு வருடத்துக்கு ஏழு கிலோ என்று எதிர்பார்க்காதீர்கள். இளைக்க இளைக்க உடம்பின் தேவையும் குறைகிறது. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011-ல் கொடுத்த கணக்கு இன்னும் நம்பகமானது. நாளுக்கு 24 கலோரி வித்தியாசம் நிலையாக இருந்தால், கடைசியில் ஒரு கிலோ மாறும். அதில் பாதி முதல் வருடத்தில், மீதியில் பெரும்பகுதி மூன்று வருடத்துக்குள். ஆக 150 கலோரி என்றால் ஆறு கிலோ வரை, முதல் வருடத்தில் மூன்று. அதுவும் சாப்பாடு கூடாமல் இருந்தால்.

கூடாமல் இருப்பதுதான் சிரமம். பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் காபியே 100 கலோரிக்குப் பக்கத்தில் வரும். "இன்றைக்கு நிறைய நடந்தேனே" என்று இன்னொரு டம்ளர் குடித்தால், பெருக்கித் துடைத்ததெல்லாம் அதிலேயே கழிந்துவிடும். அந்தக் காபிக்காக நடக்காதீர்கள், நடந்ததற்காகக் குடிக்காதீர்கள்.

உடம்பும் தன் பங்குக்குச் சிக்கனம் பிடிக்கும். தான்சானியாவில் வேட்டையாடியும் காட்டில் சேகரித்தும் வாழும் ஹட்ஸா மக்களை ஹெர்மன் பான்ட்ஸர் குழு அளந்து 2012-ல் எழுதியது. அவ்வளவு நடக்கும் மக்களின் மொத்த நாள் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், நகரவாசிகளின் செலவைப் போலத்தான் இருந்தது. அசைவைக் கூட்டினால் வேறு எங்கோ உடம்பு செலவைக் குறைத்துக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். அதனால் அசைவு வீண் என்று அர்த்தமில்லை. சாப்பாட்டைக் கவனிக்காமல் அசைவை மட்டும் நம்பினால் போதாது என்றுதான் அர்த்தம்.

பட்டினி கிடந்து இளைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. சாப்பாட்டைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால், உடம்பு முதலில் வெட்டுவது இந்தச் சின்ன அசைவுகளைத்தான். சோர்வாக இருக்கும், சோபாவை விட்டு எழத் தோன்றாது. காலையில் ஜிம்மில் கடுமையாக உழைத்துவிட்டு நாள் முழுக்கச் சாய்ந்து கிடப்பவர்களுக்கும் இதே கதை. உங்கள் நோட்டில் உட்காரும் நேரம் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால், குறைத்த சாப்பாட்டையோ கூட்டிய பயிற்சியையோ கொஞ்சம் தளர்த்துங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் நடையைக் கூட்டும்போது சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சூடு தெரியாமலே பாதம் வெந்துவிடும். படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ வந்தால், அதை வாயு என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பாடும் நடமாட்டமும் மாறாமல் சில மாதத்தில் எடை வேகமாக ஏறினால், தைராய்டையும் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழு படிகளையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். அளப்பதற்கு ஒரு வாரம். அடுத்த வாரம் டம்ளரும் ராத்திரி நடையும். அது கை பழகிய பிறகு போன். அதற்குப் பிறகு ஒரு வீட்டு வேலை, அப்புறம்தான் மாடிப்படி. ஒன்று தவறினால் மறுநாள் அதையே தொடருங்கள்.

அம்மா இப்போது 58 கிலோ. இரண்டு வருடம் ஆனது. இட்லி மறுபடி இரண்டாகிவிட்டது. பால்கனியில் கொடி இருந்தும் துணியை மாடிக்குத்தான் எடுத்துப் போகிறார். இந்தச் சித்திரையில் மூன்று படி அரிசிக்கு வடகம் பிழிந்து அங்கேயே காயவைத்தார். காக்கை விரட்ட அவர் ஏறிப்போன தடவைகளை ஒரு நாள் காலையில் எண்ணிப் பார்த்தேன். பத்து மணிக்குள் பதினொரு முறை.